கொறற்றி ஏறிய விமானம்

"கட்டாருக்கு அஞ்சு மணித்தியாலந்தான் கொறற்றி. யாழ்ப்பாணம் போற பஸ் அதைவிடக் கூட எடுக்கும்," என்று இராஜநாயகம் சொன்னபோது, அவருடைய மனைவி மரியகொறற்றி மாசிக் கருவாட்டுச் சம்பல் போத்தலைத் துணியால் சுற்றிச் சூட்கேசுக்குள் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸில பயம் வந்தா இறங்கலாம்," என்றாள் அவள்.

அவர் விடவில்லை. கட்டாரில் இறங்கி வேறு விமானம் மாறினால் ரொறொன்ரோவுக்குப் பதினாலு மணித்தியாலம், அதிலும் பாதி நித்திரையில் போய்விடும், மொத்தம் பதினாலாயிரம் கிலோமீற்றர் சொச்சம், இந்தக் காலத்தில் இதெல்லாம் ஒரு தூரமா என்று ஒரு மாதமாக இதே பாட்டு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். உயரமும் பாரமும் தூரமும் அவருக்குக் கணக்காக வாயில் நிற்கும். மரியகொறற்றியோ கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே கலியாணம் கட்டியவள். துறைமுகத்து மனிதனோடு இத்தனை வருடம் வாழ்ந்தும் ஒரு படகில்கூடக் கால் வைத்ததில்லை. மன்னாருக்குப் போன ஒருமுறை, கடலை ஊடறுத்துப் போகும் அந்தப் பாலம் முடியும்வரை கண்ணைத் திறக்காமல் இருந்தவள்.

போகாமல் இருக்கவும் முடியாது. ஒரே மகள் றஷ்மி ரொறொன்ரோவில் இருக்கிறாள். வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள், ஏழாம் மாதம். இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, கட்டிலை விட்டு எழும்பக் கூடாது, மனதை அலட்டக் கூடாது என்று டொக்டர் கட்டளை. மருமகன் மெல்ரோய் அமெரிக்காவுக்குப் பார லொறி ஓட்டுகிறவன். போனால் நாலைந்து நாள் வீட்டில் இருக்க மாட்டான். இரண்டு பேருக்கும் விசா போட்டார்கள். கொறற்றிக்குக் கிடைத்தது, இராஜநாயகத்துக்குக் கிடைக்கவில்லை.

பயண நாள் காலை கட்டுநாயக்க விமான நிலையத்தில், பயணிகள் மட்டும் உள்ளே போகும் கண்ணாடிக் கதவடியில், கொறற்றி அவருடைய சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்ச பாருங்கோ. திரும்பிப் போவமா?"

"என்ன சின்னப்பிள்ளை மாதிரி. ஆக்கள் பாக்கினம். போம், போம்."

சிரித்துக்கொண்டே அவளுடைய தோளில் கைவைத்து மெல்ல உள்ளே தள்ளிவிட்டார். அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். கையில் செபமாலை சுற்றியிருந்தது.

அவர் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது விமானம் கிளம்பிவிட்டது. பக்கத்து வீட்டு பஸீஹா ரீச்சருக்கு அன்று பாடசாலை விடுமுறை. அவள்தான் அவருடைய போனை வாங்கி, உலகத்தில் பறக்கிற விமானங்களை எல்லாம் காட்டும் ஒரு படத்தைப் போட்டுக் கொடுத்தாள். நீலக் கடலுக்கு மேலே மஞ்சள் நிறத்தில் பூச்சிகள்போல விமானங்கள் ஊர்ந்தன.

"இதுதான் அங்கிள் ஆண்டிட பிளேன். பாருங்க, இந்தியா பக்கம் போய்ட்டாங்க."

இராஜநாயகம் கதிரையை யன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பூச்சியைப் பார்த்தபடி இருந்தார். அது கன்னியாகுமரியைக் கடந்தது. பெரிய கடலுக்கு மேலே நகர்ந்தது. அவர் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து பார்த்தபோது, இருந்த இடத்தில் அது இல்லை.

போனை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

"ஐயோ, பயப்பட வாணாம் அங்கிள். நடுக் கடல்ல சிக்னல் புடிக்கிறதுக்கு ஒண்டும் இல்ல. அங்கால கரைப் பக்கம் போனதும் திரும்பத் தெரியும்," என்றாள் பஸீஹா.

சரிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். வீட்டில் சமைக்க ஆள் இல்லை. சாப்பிடுவதற்கு ஜம்பட்டா வீதியில் ஒரு சோற்றுக் கடைக்குப் போனார். சோற்றைப் பிசைந்து முதல் வாயை எடுக்கும்போது சுவரிலிருந்த டீவியில் சிவப்பு எழுத்துகள் ஓடத் தொடங்கின. இருட்டான ஒரு வானத்தில் வெளிச்சக் கோடுகள் மேலெழும்புவதைக் காட்டினார்கள். பழைய படமோ புதிய படமோ தெரியவில்லை. சிங்களத்தில் செய்தி வாசித்த பெண் படபடவென்று பேசினாள்.

காசு மேசையில் இருந்த முதலாளி சத்தத்தைக் கூட்டிவிட்டு, "மிசைல் கஹலா. குவன் சீமாவ வஹலா," என்று பொதுவாக யாருக்கோ சொன்னார்.

ஏவுகணை அடித்திருக்கிறார்கள். வான்பரப்பை மூடிவிட்டார்கள். வளைகுடாப் பக்கத்து நாடுகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கட்டாரும் வந்தது.

இராஜநாயகத்தின் விரல்களில் சோறு ஒட்டியிருந்தது. எழுந்து போய்க் கை கழுவினார். கழுவிய கையை மறுபடி கழுவினார். கடையை விட்டு வெளியே வந்து பாதி வீதி நடந்த பிறகுதான், காலில் இருப்பது ஒரு செருப்பு மட்டும் என்று தெரிந்தது. மற்றதை எடுக்கத் திரும்பிப் போகவில்லை.

பஸீஹாவின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவளும் செய்தியைப் பார்த்திருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. இருவரும் போனைப் பார்த்தார்கள். வளைகுடாவுக்கு மேலே எப்போதும் மொய்த்துக்கொண்டிருக்கும் மஞ்சள் பூச்சிகள் எல்லாம் கலைந்து, ஒரு பெரிய வெறுமை விழுந்திருந்தது. அதைச் சுற்றி விமானங்கள் வட்டமடித்தன. அவற்றில் கொறற்றியின் விமானம் இல்லை.

பஸீஹா விமானக் கம்பனியின் இலக்கத்துக்கு அடித்தாள். ஒரு பாட்டு ஒலித்தது. பாட்டுக்கு நடுவே ஒரு பெண் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள். மறுபடி அதே பாட்டு.

"எண்ணெய்," என்றார் இராஜநாயகம்.

"என்ன அங்கிள்?"

"அஞ்சு மணித்தியாலத்துக்குத்தானே எண்ணெய் அடிச்சிருப்பாங்கள். அங்க இறங்க விடாட்டி எவ்வளவு நேரம் சுத்துறது?"

"கூடுதலா அடிச்சிருப்பாங்க அங்கிள். கட்டாயம் அடிச்சிருப்பாங்க."

அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. ஒருமுறை துறைமுகத்தில், பக்கத்துக் கிரேனின் கொக்கியிலிருந்து நழுவிய ஒரு கொள்கலன் கடலுக்குள் விழுந்ததை அவர் தன் கூண்டிலிருந்து பார்த்திருக்கிறார். வீடளவு பெட்டி. விழுந்தது, வெள்ளையாக நுரை எழும்பியது, அவ்வளவுதான். ஒரு பெருமூச்சு விடுகிற நேரத்தில் தண்ணீர் ஒன்றுமே நடக்காததுபோல மூடிக்கொண்டது. அந்தத் தண்ணீர் இப்போது கண்ணுக்குள்ளேயே நின்றது.

"நான்தான் பிடிச்சு உள்ள தள்ளினன் ரீச்சர். இந்தக் கையால."

பஸீஹா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்காமலே கிளாசை மேசையில் வைத்தார்.

அப்போதுதான் போன் அடித்தது. றஷ்மி. ரொறொன்ரோவில் விடியற்காலை, இன்னும் வெளிச்சம் வந்திருக்காது. இராஜநாயகம் அடிக்கிற போனையே பார்த்தார்.

"அவவுக்குச் சொல்லாதேயுங்கோ ரீச்சர். கேட்டா பிரஷர் ஏறிடும். வயித்தில ரெண்டு," என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமிப் போனை எடுத்தார். "ஓம் மகள், என்ன, நித்திரை வரேல்லையோ?"

"பிள்ளையள் உதைக்கினம் டடி. அதுதான் முழிச்சிட்டன்," என்றாள் றஷ்மி. "மம்மி நல்லா ஏறிட்டாவா?"

"ஏறினா, ஏறினா. இப்ப நித்திரையா இருப்பா. உமக்குத் தெரியும்தானே, பஸ்ஸில ஏறினாலே தூங்கிப்போடுவா."

"ஓம்."

றஷ்மி பேச்சை மாற்றினாள்.

"நீங்க சாப்பிட்டீங்களா டடி?"

"வயிறு நிறையச் சாப்பிட்டன். மீன் குழம்பு."

"மருந்து?"

"அதுவும் போட்டன். நீர் டீவி ஒண்டும் பாக்காமப் படும். கண்ணுக்குக் கூடாது."

"சரி டடி. நீங்களும் படுங்கோ. டீவி பாக்காதேயுங்கோ."

போனை வைத்ததும் அவர் நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் யாரோ விரலால் அழுத்துவதுபோல இருந்தது. பஸீஹா குனிந்து, "அங்கிள், நெஞ்சு நோவுதா? ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று கேட்டாள்.

"எயார்போட்டுக்குப் போவம்," என்றார்.

அங்கே போய் என்ன செய்வது என்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஆனால் இங்கே இருக்க முடியவில்லை. தனியாக விட மாட்டேன் என்று அவளும் கூட வந்தாள். சந்தியில் நின்ற ஓட்டோவைப் பிடித்தார்கள். நீர்கொழும்பு வீதியில் வத்தளையைத் தாண்டுவதே பெரும் பாடாக இருந்தது. பஸ்களுக்கும் லொறிகளுக்கும் நடுவே ஓட்டோ அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. வெயில் ஓட்டோவின் கூரையைச் சுட்டு உள்ளே இறங்கியது. இராஜநாயகம் ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே வானத்தைப் பார்த்தார். கட்டுநாயக்கவில் இறங்கும் விமானங்கள் இந்த வழியாகத் தாழ்ந்து போவது வழக்கம். ஒன்று போனது. வாலில் இருந்த நிறத்தைப் பார்த்தார். அது இல்லை.

மாதாவே, மாதாவே என்று மட்டும் வாய் முணுமுணுத்தது. அதற்குமேல் செபம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

கந்தானையில் சிக்னலுக்கு நின்றபோது மறுபடி றஷ்மி. இந்த முறை வீடியோ. எடுக்காமல் விட்டால் சந்தேகப்படுவாள். எடுத்தால் ஓட்டோவும் வீதியும் தெரிந்துவிடும். என்ன பொய் சொல்வது என்று யோசிப்பதற்குள் விரல் பட்டுவிட்டது.

திரையில் றஷ்மியின் முகம் நடுங்கியது. கண் இரண்டும் சிவந்து, மூக்கு ஒழுகி, வாய் கோணி அழுதுகொண்டிருந்தாள். இராஜநாயகத்துக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது. காது அடைத்துக்கொண்டது. அவளுடைய உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

பஸீஹா போனைப் பறித்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

"... தெரியுது டடி! பிளேன் தெரியுது! கேரளாப் பக்கம் வந்திட்டுது. மூக்கு எங்கட பக்கம் இருக்குது, கொழும்புப் பக்கம்! திரும்பி வருகினம் டடி!"

"எது? எந்தப் பிளேன்?" என்றார் அவர், இன்னமும் பொய்யை விடாமல்.

"மம்மிட பிளேன்! நான் இரவு முழுக்கப் பாத்துக்கொண்டுதான் இருந்தன். மிசைல் அடிச்சதும் தெரியும், மூடினதும் தெரியும். உங்களுக்குச் சொன்னா உங்கட நெஞ்சு தாங்காதெண்டுதான்..."

மேலே பேச முடியாமல் அவள் கேவினாள். இராஜநாயகமும் ஓட்டோவுக்குள் இருந்தபடி, பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் பார்க்கப் பார்க்க, வாய்விட்டு அழுதார். அப்பனும் மகளும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிய நேரமெல்லாம் கொறற்றி கடலுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பிரஷர் பாத்தீரா மகள்? இப்பவே பாரும்," என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"மெஷின் பக்கத்திலதான் கிடக்குது. பயத்தில பாக்கேல்ல."

"பாரும். பாத்துச் சொல்லும். கூடவெண்டா ஆஸ்பத்திரிக்கு அடியும்."

கட்டுநாயக்கவில் வெளியே வருகிறவர்களின் வாசலில் ஏற்கெனவே ஒரு கூட்டம் நின்றது. மகனைத் தேடுகிறவர்கள், மனைவியைத் தேடுகிறவர்கள், போனைக் காதில் வைத்துக் கத்துகிறவர்கள். பலகையில் அந்த விமானத்தின் இலக்கத்துக்கு நேரே முதலில் ஒன்றும் இருக்கவில்லை. பிறகு ஆங்கிலத்தில் ஏதோ வந்தது. பஸீஹா அவருடைய கையைப் பிடித்து, "இறங்கிட்டாங்க அங்கிள்," என்றாள்.

அதற்குப் பிறகும் பயம் விடவில்லை. இறங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். காலையில் போனவர்கள், போன இடம் காணாமலே களைத்த முகத்தோடு வந்தார்கள். அவர்களில் கொறற்றி இல்லை. ஒரு வயதான மனிதரைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார்கள். அவளை உள்ளேயே எங்காவது கிடத்தி வைத்திருக்கிறார்களோ? ஓட்டோவுக்குள் நிம்மதியாக அழுத அதே மனிதர், அந்த வாசலில் நின்று மறுபடியும் வியர்த்தார்.

கடைசிக்குச் சற்று முன்னால்தான் அவள் வந்தாள். ஓர் இளம் பெண் அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தாள். கொறற்றியின் இடுப்பைச் சுற்றி, சட்டைக்கு மேலே, விமானத்தில் கொடுக்கும் நீலக் கம்பளி ஒன்று கட்டியிருந்தது. அந்த வெக்கைக்குள் கம்பளி. பயத்தில் உடுப்பை நனைத்திருக்கிறாள் என்பது இராஜநாயகத்துக்கு ஒரு கணத்தில் விளங்கிவிட்டது. அவர் அதைப் பார்க்காதவர்போல அவளுடைய முகத்தை மட்டும் பார்த்தார்.

"கொறற்றி."

அவள் நெற்றியை அவருடைய நெஞ்சில் முட்டுக் கொடுத்து நின்றாள். உடம்பு முழுவதும் மெல்லிய நடுக்கம் ஓடிக்கொண்டே இருந்தது, எஞ்சின் நிற்காத வண்டிபோல.

கூட வந்த பெண்ணின் பெயர் நிலூஷா. கட்டாரில் வீட்டு வேலைக்குப் புறப்பட்டவள். கொறற்றிக்குப் பக்கத்துச் சீற்றாம். நடந்ததை அவள்தான் சிங்களத்தில் சொன்னாள். பைலட் ஆங்கிலத்தில் ஏதோ அறிவித்தார், முன்னால் இருந்தவர்கள் கத்தத் தொடங்கினார்கள், விமானம் ஒரு பக்கம் சரிந்து கடலுக்கு மேலே சுற்றத் தொடங்கியது, ஏன் என்று இவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கடலில் இறக்கப் போகிறார்கள் என்றே நினைத்தார்களாம். திரும்பிப் போகிறோம் என்று யாரோ சொன்ன பிறகும் நம்பவில்லையாம். சொல்லிவிட்டு அந்தப் பெண் கொறற்றியின் கன்னத்தைத் தடவி, "அம்மா யன்னங்," என்று விடைபெற்றுப் போனாள். அவளுக்கு அங்கே காத்து நின்றவர்கள் ஒருவரும் இல்லை.

பஸீஹா தன் அபாயாவுக்கு மேலே போட்டிருந்த பெரிய சால்வையைக் கழற்றி, கம்பளி இருந்த இடத்தில் கொறற்றிக்குக் கட்டிவிட்டாள். பெண்கள் இருவரும் கழிப்பறைப் பக்கம் போய் வந்தார்கள். இராஜநாயகம் வெளியே கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலோடு நின்றார்.

திரும்பி வந்த கொறற்றி, விமானத்தால் இறங்கியபின் முதல்முறையாக வாய் திறந்தாள்.

"இனி என்னை ஏறச் சொல்லாதேயுங்கோ."

"சொல்ல மாட்டன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

றஷ்மி வீடியோவில் காத்திருந்தாள். தாயின் முகத்தைக் கண்டதும் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் கையால் திரையைத் தடவினாள். பிறகு குரலைச் சரிப்படுத்திக்கொண்டு, "மம்மி, நீங்க வரவேணாம். வீட்டுக்குப் போங்கோ. மெல்ரோய் லீவு கேக்கிறார். நான் சமாளிப்பன்," என்றாள்.

கொறற்றி போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"உன்ர முகம் ஏன் இப்பிடி ஊதிக் கிடக்குது?"

"அழுததால மம்மி."

"கையைக் காட்டு."

"மம்மி..."

"கையைக் காட்டு எண்டு சொன்னன்."

றஷ்மி கையைக் காட்டினாள். விரல்கள் ஒவ்வொன்றும் கொழுத்து, கலியாண மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. கொறற்றி நெடுநேரம் அதைப் பார்த்தாள். "மோதிரத்தைச் சவுக்காரம் போட்டுக் கழட்டி வை," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைக் கணவரிடம் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில், வத்தளைக்குக் கிட்ட, அவள் கேட்டாள்: "மற்றப் பக்கத்தால போனா எவ்வளவு தூரம்?"

"எந்த மற்றப் பக்கம்?"

"உலகம் உருண்டைதானே. சண்டை இல்லாத பக்கத்தால."

சிங்கப்பூர், ஹொங்கொங், அதற்கப்பால் பசுபிக் கடல். தூரமும் கூட, நேரமும் கூட, கடலோ இதைப்போலப் பல மடங்கு. எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு மாதமாகக் கணக்குச் சொன்ன வாய்க்கு இப்போது அதைச் சொல்லத் துணிவு வரவில்லை.

"தெரியாது கொறற்றி," என்றார்.

அவளே பஸீஹாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். முழுவதையும் கேட்டுவிட்டு அன்றிரவு காய்ச்சலோடு படுத்தாள். அவளே சொல்லி, அடுத்த வாரத்துக்கு ஹொங்கொங் வழியாக ரிக்கற் போட்டார்கள். மறுபடி அதே கண்ணாடிக் கதவு. இந்த முறை இராஜநாயகம் அவளைத் தொடவில்லை. வேண்டாம் என்று சொல்லவே வாய் வந்தது. சத்தியத்தை ஞாபகப்படுத்தக்கூடப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்தபடி, பற்களை இறுகக் கடித்துக்கொண்டு, தானாகவே நடந்து உள்ளே போனாள்.

அவர் போனை பஸீஹாவிடம் கொடுத்துவிட்டார். "இறங்கினாப் பிறகு மட்டும் சொல்லுங்கோ. நடுவில ஒண்டும் சொல்லாதேயுங்கோ." அந்த ஒரு பகலும் ஓர் இரவும் அடுத்த பகலும் அவர் என்ன செய்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. குசினி அலுமாரியில் இருந்த பாத்திரம் எல்லாவற்றையும் இறக்கிக் கழுவியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

கொறற்றி போய்ச் சேர்ந்த நாலாம் நாள் றஷ்மியை அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மெல்ரோய் எங்கேயோ எல்லை தாண்டி லொறியில் இருந்தான். மகளுக்கு வலிப்பு வரத் தொடங்கியதைக் கண்டு, ஒருநாளும் பேசாத ஆங்கிலத்தில் அம்புலன்சைக் கூப்பிட்டது கொறற்றிதான். வயிற்றை வெட்டிப் பிள்ளைகளை எடுத்தார்கள். இரண்டும் பெட்டைப்பிள்ளைகள், உள்ளங்கையளவு. தாயும் பிள்ளைகளும் தப்பினார்கள்.

மாதங்கள் போயின. பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வீட்டுக்கு வந்து, கன்னம் உப்பி, சிரிக்கத் தொடங்கின. கொறற்றியின் விசா முடியும் காலம் கிட்டியது. ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்த இராஜநாயகத்தோடு அவள் போனில் கதைத்தாள்.

"ரிக்கற் எந்தப் பக்கத்தால போடுறதெண்டு மெல்ரோய் கேக்கிறார். கட்டாருக்கு இப்ப பறக்குதாம். அது மலிவாம்."

இராஜநாயகம் கதிரையில் உட்கார்ந்தார். தனியாக இருந்து தனியாகச் சமைத்துத் தின்று அவர் இளைத்துப் போயிருந்தார். அவள் வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்தான்.

"அவசரமில்லை கொறற்றி. விசாவை நீட்டலாமோ எண்டு கேக்கச் சொல்லும். பிள்ளையள் இன்னும் கொஞ்சம் வளரட்டும்."

மறுமுனையில் ஒரு குழந்தை சிணுங்கியது.

"உங்களுக்கும் பயமோ?" என்று கேட்டாள் அவள்.

"ஓம்," என்றார்.